உரலும் சேர்ந்து சுற்றினால் எண்ணெய் வராது

கேள்வி: பூமி சுழலும் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரம் என்று என் மச்சான் ஒரு வீடியோ காட்டினார். கனமான இரும்புச் சக்கரம் ஒன்றை மோட்டாரால் வேகமாகச் சுற்றவிட்டு, அதைத் தாங்கும் சட்டத்தில் ஜெனரேட்டர் மாட்டியிருக்கிறார்கள். டீசலும் வேண்டாம், வெயிலும் வேண்டாமாம். எங்கள் மாவு மில்லுக்கு ஒன்று வாங்கிப் போட 2 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இந்தப் பக்கத்துக் காற்றாலைகளும் பூமி சுற்றுவதால் வரும் காற்றில்தானே ஓடுகின்றன? – கோவில்பட்டி வாசகர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மச்சானின் யோசனை முழுக்கப் பைத்தியக்காரத்தனம் அல்ல. பூமியின் சுழற்சியிலிருந்து எடுத்த மின்சாரம் பிரான்சில் 1966 முதல் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எப்படி என்று பிறகு வருகிறேன்.

செக்கு ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மாடு சுற்றுகிறது, உலக்கை சுற்றுகிறது, உரல் மட்டும் நகராமல் நிற்கிறது. அதனால்தான் எள் நசுங்குகிறது. உரலும் உலக்கையோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றினால் மாடு எவ்வளவு நடந்தாலும் சொட்டு எண்ணெய் வராது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் உங்கள் மில், அதன் அஸ்திவாரம், காற்று, கடல் எல்லாமே கூடவே ஓடுகின்றன. இங்கே உலக்கைக்குப் பஞ்சமில்லை, உரல்தான் இல்லை. பூமியோடு சுற்றாத ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டால்தான் வேலை நடக்கும்.

வீடியோக்காரர்கள் அந்தச் சக்கரத்தையே உரல் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. பூமி அதன் கீழே திரும்பிக்கொண்டே போகும். 1852-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ பூமியின் சுழற்சியைக் காட்டத்தான் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். கைரோஸ்கோப் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் காட்டுவது வேறு, மாவு அரைப்பது வேறு. ஜெனரேட்டரை மாட்டி அச்சை இழுத்த உடனே, சக்கரம் மெல்லச் சாய்ந்து பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது.

அதற்குள் எவ்வளவு கிடைக்கும்? ஒரு டன் எடையும் ஒரு மீட்டர் ஆரமும் உள்ள தட்டையான சக்கரம், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அச்சை பூமியின் அச்சுக்கு நேர் எதிர்த்திசையில் வைத்து ஆரம்பித்தாலும் மொத்தமாக வருவது சுமார் 23 ஜூல். ஒரு கிலோ மாவுப் பையைத் தரையிலிருந்து பரண் உயரத்துக்குத் தூக்கினால் தீர்ந்தது. சக்கரத்தை மறுபடி பழைய நிலைக்குத் திருப்ப வேண்டுமானால் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதற்கிடையில் பேரிங் உராய்வைச் சமாளிக்க மோட்டார் இழுக்கும் மின்சாரம் தனி. வீடியோவில் பல்பு எரிந்திருந்தால், அந்த மோட்டார் ஏற்கெனவே சக்கரத்தில் ஏற்றிவைத்த ஆற்றல்தான் எரிந்திருக்கிறது.

பூமியே ஒரு பெரிய காந்தம்தானே, கம்பிச் சுருள் வைத்து எடுக்கலாமே என்று அடுத்த வீடியோ வரும். டைனமோவுக்கு அடிப்படை போட்ட ஃபாரடேயே இதை விட்டுவைக்கவில்லை. 1832 ஜனவரியில் லண்டனில் கென்சிங்டன் அரண்மனைக் குளத்திலும் வாட்டர்லூ பாலத்திலும் நீளமான செம்புக் கம்பிகளை இழுத்துக் கட்டிப் பார்த்தார். நம்பத்தக்க பலன் எதுவும் வரவில்லை. பூமியோடு சேர்ந்து சுற்றும் சாதாரணக் கம்பியில் மின்னூட்டங்கள் கொஞ்சம் இடம் மாறி அந்த விளைவை ரத்துச் செய்துவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்று 2025-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சைபாவின் குழு சோதனை முடிவு வெளியிட்டது. ஃபெரைட் என்னும் காந்தப் பொருளால் செய்த, ஓர் அடி நீளக் குழாயில் ஏறக்குறைய 17 மைக்ரோவோல்ட் கிடைத்ததாம். அதில் சந்தேகம் எழுப்பியவர்களும் உண்டு. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரிக்கு ஈடாக எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களைத் தொடராக இணைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குச் சுவாரசியமான விஷயம், மில்லுக்கு அல்ல.

அப்படியானால் நிஜமான உரல் எது? நிலா. பூமி ஒரு நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. நிலா பூமியைச் சுற்றிவர 27 நாளுக்கு மேல் ஆகிறது. நிலாவின் ஈர்ப்பு கடல்நீரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, பூமி அந்த நீருக்கு அடியில் சுழன்று ஓடுகிறது. கரையில் நிற்கும் நமக்கு அது ஏற்றமும் வற்றமுமாகத் தெரிகிறது. நீர் தரையில் உரச உரச பூமியின் வேகம் குறைகிறது. இந்த உரசலால் பகல் இரவு சேர்ந்த ஒரு நாளின் நீளம் 100 ஆண்டுக்கு 2 மில்லிநொடி அளவில் கூடுகிறது. பூமி இழக்கும் சுழற்சியை வாங்கிக்கொண்டு நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. 1969 முதல் அப்போலோ வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்கள் மீது லேசர் அடித்து அளந்த கணக்கு இது.

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில், சான் மாலோ ஊருக்கு அருகே ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 750 மீட்டர் நீளத்துக்கு ஓர் அணை இருக்கிறது. மேலே சாலை, உள்ளே 24 டர்பைன்கள், மொத்தம் 240 மெகாவாட். ஏற்றவற்ற வித்தியாசம் சராசரி 8 மீட்டர், உச்ச நாளில் 13 மீட்டருக்கும் மேல். ஏற்றத்தில் உள்ளே வரும் நீரைத் தேக்கி, வற்றும்போது டர்பைன் வழியாகக் கடலுக்கு விடுவது முக்கிய வேலை. ஆண்டுக்கு 50 கோடி யூனிட் வருகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். 2011-இல் தென்கொரியாவின் சிஹ்வா ஏரியில் 254 மெகாவாட்டில் இதைவிடச் சற்றுப் பெரிய நிலையம் ஒன்று வந்தது. இரண்டிலும் டர்பைன் நாள் முழுக்க ஓடாது என்பதை மறக்க வேண்டாம். ரான்ஸில் வருவது, முழுத் திறனில் இடைவிடாமல் ஓடினால் வரக்கூடியதில் கால்வாசிதான். கட்டும்போது முகத்துவாரத்தை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்ததில் அங்கிருந்த உயிரினங்களும் பெரும்பாடு பட்டன.

நம் கடலில் முடியாதா என்று கேட்பீர்கள். ஒரே பரப்புள்ள தேக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் ஏற்றவற்ற உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். தமிழகக் கரையில் அந்த உயரம் ஒரு மீட்டர் அளவில்தான். 8 மீட்டர் இருக்கும் இடத்தில் வருவதில் 64-இல் ஒரு பங்கு. இந்தியாவில் இதற்கு வாய்ப்புள்ள முக்கிய இடங்கள் குஜராத்தின் கம்பாத், கட்ச் வளைகுடாக்கள். அங்கேயும் திட்டங்கள் பல காலமாகப் பேச்சாகவே நிற்கின்றன.

'இப்படியே எடுத்தால் பூமி நின்றுவிடாதா' என்று மச்சான் கேட்டால்: உலகம் இன்று செலவழிக்கும் எரிசக்தி முழுவதையும் சுழற்சியிலிருந்து எடுத்தாலும், இதே செலவில் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். இருப்பு ஏராளம். எடுக்கும் வழிதான் குறுகல்.

காற்றாலைக்கு வருகிறேன். காற்றை நகர்த்துவது வெயில். தரை சூடாகும் ஏற்றத்தாழ்வில் காற்று கிளம்புகிறது, பூமியின் சுழற்சி அதன் திசையை வளைக்கிறது, அவ்வளவே. கயத்தாறில் சுற்றும் இறக்கைகள் சூரியனின் கணக்கு.

விற்பவர்கள் விடாப்பிடியாக இருந்தால் ஒரே நிபந்தனை வையுங்கள். லைன் இணைப்பும் பேட்டரியும் இல்லாமல், நீங்கள் கொண்டுவரும் மீட்டரை மாட்டி, உங்கள் மில் மோட்டாரை இரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டிக் காட்டட்டும். அதன் பிறகு முன்பணம். மின்கட்டணம்தான் கவலை என்றால், உங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் பலகை நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் உண்டு. மில்லுக்கு அந்த மானியம் கிடையாது. அதற்கான செலவுக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். கடைசி ஆறு மாத பில்லை அனுப்புங்கள், பார்க்கலாம்.