பெட்டி வாங்கினால் அடைசல் தீருமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பத்து வயதில் மகள், மூன்று வயதில் மகன், கூடவே மாமியார். ஞாயிறு முழுக்க ஒதுங்க வைக்கிறேன், புதன்கிழமைக்குள் சாப்பாட்டு மேசை, சோபா எல்லாம் மறுபடி நிரம்பிவிடுகிறது. இன்னும் நாலு பெட்டியும் ஒரு அலமாரியும் வாங்கினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பாடுபட்டும் வீட்டில் ஒரு பொருள்கூடக் குறைவதில்லை. மேசையில் கிடந்தது அலமாரிக்குள் போகிறது, அலமாரி பிதுங்குவதால் அடுத்து வருவது மேசையிலேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. புதுப் பெட்டி வந்தால் அதுவும் நிரம்பும்.

வரும் புதன்கிழமை அந்த மேசையை எடுத்து வைக்காமல் ஒருமுறை நின்று பாருங்கள். சாவி, சார்ஜர், பள்ளியில் கொடுத்தனுப்பிய தாள், மாத்திரை அட்டை, பாதி முடிந்த வீட்டுப்பாடம், எல்லாமே தினமும் கைபடுகிற சாமான்கள். இவற்றுக்குத்தான் உங்கள் வீட்டில் இடமில்லை. குனியாமல் எக்காமல் எடுக்கிற உயரத்தில் இருக்கும் தட்டுகளைத் திறந்தால், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரமும் யாரோ கொடுத்துப் பிரிக்காமல் வைத்த பரிசும் அங்கே உட்கார்ந்திருக்கும். அவை பரணுக்குப் போகட்டும், இல்லையென்றால் வீட்டை விட்டே போகட்டும். நல்ல இடம் தினசரிச் சாமான்களுக்குத்தான்.

மகனுடைய பையை மாட்ட அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொக்கி அடியுங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து, சாமானை உள்ளே வைத்து, திரும்ப மூடுவதற்கு மூன்று வயதுக்குப் பொறுமை இருக்காது (பெரியவர்களுக்கும்தான்), அதனால் மூடியில்லாத கூடை போதும். காகிதம் வீட்டுக்குள் வந்ததுமே, உட்காருவதற்கு முன் வைப்பதா கழிப்பதா என்று முடிவு செய்துவிடுங்கள். கடை ரசீதுகள் பலவும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருவதால் நாளாக ஆக எழுத்து மங்கிவிடும், உத்தரவாதத்துக்கு வேண்டியதை அன்றே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அலமாரியில் இருப்பதை எல்லாம் தரையில் கொட்டிப் பிரிக்கச் சொல்லி ஒரு யோசனை சுற்றுகிறது. உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். பாதியில் குழந்தை அழும், நீங்கள் எழுந்து போவீர்கள், ராத்திரி அந்தக் குவியலைத் தாண்டித்தான் படுக்கப் போக வேண்டும். ஒரு இழுப்பறை, இருபது நிமிடம், அதோடு நிறுத்துங்கள். கழித்ததை அன்றைக்கே வெளியே அனுப்புங்கள், யாருக்காவது கொடுக்கலாம் என்று மூலையில் வைத்த பையைப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் திரும்ப உள்ளே வந்துவிடும்.

கேள்வி: பொம்மைகள் வீடு முழுக்க இறைந்து கிடக்கின்றன. ஆனால் எதை எடுத்தாலும் குழந்தை அழுகிறது. பொம்மையைக் குறைத்தால் ஏங்கிப் போகாதா?

பதில்: ஏங்காது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுக் கவனித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் விளையாடினார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். அவர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள்தான் என்றாலும், அதைவிடச் சற்றுப் பெரிய பிள்ளைகளிடமும் முயன்று பார்க்கலாம். எதையும் தூக்கிப் போட வேண்டாம், முக்கால்வாசியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். குழந்தை பெயர் சொல்லிக் கேட்கும் பொம்மையை மட்டும் உடனே தந்துவிடுங்கள்.

பிரிக்கும்போது ஒன்றை அவசியம் பாருங்கள். பட்டன் பேட்டரி போடும் பொம்மைகளில் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். அந்தப் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடலாம். மூடி உடைந்த பொம்மை எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது. விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: கணவர் பழைய போன், ஒயர், டப்பா எதையும் போட விடுவதில்லை. அவர் இல்லாத நேரத்தில் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் குப்பைக்கூடையைக்கூடக் கிளறிப் பார்ப்பார். தன் கையில் இருக்கும் பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்புப் போடுவது இயல்பு, 1990இல் வெளியான ஒரு சோதனையில் காபிக் கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இருமடங்கு. அதனால், "இது எதற்கு?" என்று கேட்காமல், "இது இல்லையென்றால் இன்று காசு கொடுத்து வாங்குவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்குங்கள், அதற்குள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நிரம்பினால் எதை எடுப்பது என்று அவரே முடிவு செய்யட்டும். பழைய போனில் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது தீப்பிடிக்கக் கூடியது. அழுத்தாமல், குத்தாமல், குப்பையிலும் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.