கார் விற்பனையில் பணம் வாங்கும் முறை: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருவில் தம் காரைத் தாமே விற்க முனைந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவர்களில் எவருக்கும் காரின் விலையைப் பற்றிய கவலை இல்லை. பேசிய விலை முழுமையாகக் கைக்கு வந்து, வந்த பணம் கையிலேயே நிலைக்குமா என்பதே அனைவருடைய ஐயமும். வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அல்சூரில் வசிக்கிறேன். என் காருக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் பேசி முடித்தாயிற்று. வாங்குபவர் சனிக்கிழமை மாலை வந்து, கைபேசியிலேயே பணத்தை அனுப்பிவிட்டு வண்டியை உடனே எடுத்துச் செல்வதாகச் சொல்கிறார். பணம் வந்துவிட்டது என்பதை நான் எப்படி உறுதி செய்துகொள்வது?

சனிக்கிழமை மாலை என்பதால் தடை ஏதும் இல்லை. பெரிய தொகைகளை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். சேவை 2020 டிசம்பரிலிருந்து விடுமுறை நாட்கள் உட்பட 24 மணி நேரமும் இயங்குகிறது. உங்கள் தொகைக்கு ஏற்ற வழியும் அதுவே. தனிநபர்களுக்கு இடையிலான யு.பி.ஐ. பரிமாற்றத்துக்குப் பொதுவாக 1 லட்சம் ரூபாயும், உடனடி வங்கிப் பரிமாற்றமான ஐ.எம்.பி.எஸ்.ஸுக்கு 5 லட்சமும் உச்சவரம்பு. ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் 2 லட்சத்துக்குக் குறைவாக அனுப்ப முடியாது என்பதே வரம்பு. பணம் உங்கள் வங்கியை எட்டிய 30 நிமிடத்துக்குள் அதை உங்கள் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இன்னொரு வங்கிப் பரிமாற்ற முறையான என்.இ.எஃப்.டி. அரை மணிக்கு ஒரு தொகுதியாகச் செல்வது. அதில் தொகுதி தீர்வான பிறகு 2 மணி நேரம் வரை ஆகலாம்.

ஏமாற்று வேலை நடப்பது இந்த இடைவெளியில்தான். வாங்குபவர் தம் கைபேசித் திரையில் காட்டுகிற 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்ற பச்சைக் குறிக்கு எந்த மதிப்பும் கிடையாது. அந்தத் திரையை அப்படியே உருவாக்கிக் காட்டும் போலிச் செயலிகள் உண்டு. உண்மையான செயலியிலேயே நாளைய தேதிக்கு என்.இ.எஃப்.டி.யைப் பதிந்துவைத்துவிட்டு, அந்தப் பதிவைக் காட்டுவோரும் உண்டு. உங்கள் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் சான்று ஆகாது, ஏனெனில் வங்கி அனுப்புவது போன்ற வாசகத்தை எவரும் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். ஆகவே உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்பதையும், அந்த வரவின் எதிரே அனுப்பியவராக யார் பெயர் இருக்கிறது, யு.டி.ஆர். எனப்படும் பரிமாற்ற எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். செயலி இல்லாதவர்கள் அருகிலுள்ள ஏ.டி.எம்.மில் மினி ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொள்ளலாம். வரவு தெரிந்த பிறகு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு சாவி. இந்த வரிசை எக்காரணம் கொண்டும் மாற வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்த்த ஒரு கணக்குக்கு முதல் 24 மணி நேரத்தில் பெரிய தொகையை அனுப்பப் பல வங்கிகள் அனுமதிப்பதில்லை. இது தெரியாமல் சனிக்கிழமை மாலை உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "50 ஆயிரம்தான் போகிறது, மீதியை நாளை அனுப்புகிறேன், வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. நேர்மையானவருக்கும் இந்தச் சங்கடம் நேர்வதுண்டு. வியாழக்கிழமையே உங்கள் கணக்கைச் சேர்த்து, 1 ரூபாய் அனுப்பிப் பார்க்கும்படி அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கம்மனஹள்ளியிலிருந்து எழுதுகிறேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே விலைக்கு ஒப்புக்கொண்டு, முன்பணம் அனுப்புவதற்காக ஒரு கியூ.ஆர். குறியீட்டை அனுப்பியிருக்கிறார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்கிறார். செய்யலாமா?

செய்யக் கூடாது. யு.பி.ஐ. பின் எண் பணத்தைச் செலுத்துவதற்கு மட்டுமே தேவைப்படுவது. பணத்தைப் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவோ எண்ணைப் பதியவோ வேண்டியதில்லை. வண்டியை ஒரு முறைகூட வந்து பார்க்காமல், பேரமும் பேசாமல் ஒருவர் கார் வாங்குகிறார் என்பதே உங்களைத் துணுக்குற வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் பழைய சைக்கிள் வாங்குபவர்கூட பெல்லை அடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்கு முன் புகார் பதிவானால் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: விலை 5 லட்சம். வாங்குபவர் 3 லட்சத்தை ரொக்கமாகவும் மீதியை வங்கி வழியாகவும் தருவதாகச் சொல்கிறார். ரொக்கத்தையும் இரண்டு நாட்களில் பிரித்துத் தந்தால் பிரச்சினை இல்லை என்கிறார். இது சரியா?

சரியன்று. ஒரே பரிவர்த்தனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. எத்தனை நாட்களாகப் பிரித்து வாங்கினாலும் ஒரு காருக்கான விலை ஒரு பரிவர்த்தனையே. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, தண்டம் ரொக்கத்தைக் கொடுத்தவருக்கு அன்று, அதை வாங்கியவருக்கு என்பதைத்தான். அதுவும் பெற்ற ரொக்கத்துக்குச் சமமான தொகை வரை விதிக்கப்படலாம். 3 லட்சம் வாங்கினால் தண்டமும் 3 லட்சம் என்றால் கார் விற்றதில் மிச்சம் என்ன?

2 லட்சத்துக்குக் குறைவாக ரொக்கம் வாங்க நேர்ந்தால், வீட்டுக் கூடத்தில் எண்ணுவதைவிட உங்கள் வங்கிக் கிளையில் அவரையும் உடன் வைத்துக்கொண்டு எண்ணிக் கட்டிவிடுவது நல்லது. கள்ள நோட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ரொக்கம் கட்டும்போது வங்கி பான் எண்ணைக் கேட்கலாம்.

கேள்வி: டி.டி. என்றால் கவலையே இல்லை என்று என் மாமனார் சொல்கிறார். வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை டி.டி.யுடன் வருவதாக இருக்கிறார். வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

உங்கள் மாமனார் சொல்வது அவர் காலத்துக்குப் பெரும்பாலும் பொருந்தியது. பணம் கட்டிய பிறகே வங்கி டி.டி. கொடுக்கிறது என்பதால் அது காசோலை போலப் பணமில்லாமல் திரும்பி வராது. ஆனால் அந்த உறுதி உண்மையான டி.டி.க்குத்தான். வண்ண அச்சு மலிந்துவிட்ட இந்தக் காலத்தில் போலியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது வங்கி ஊழியருக்கே எளிதன்று. நான் கிளையில் இருந்தபோது, தாளின் தடிமனும் முத்திரையும் அப்படியே பொருந்திய ஒரு டி.டி.யைக் கொண்டுவந்தவரிடம், அது எங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அவர் வண்டியைக் கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம்: கிளை மூடியிருக்கும், கேட்டறிய ஆள் இருக்காது. டி.டி.தான் என்றால் வேலை நாளில் அவருடைய வங்கிக் கிளைக்கே இருவரும் சேர்ந்து சென்று, உங்கள் கண்ணெதிரே எடுக்கச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து டி.டி.யின் முகப்பிலேயே அதை எடுத்தவரின் பெயரும் அச்சிடப்படுகிறது. அது வாங்குபவரின் பெயர்தானா என்று பாருங்கள். கிளை வரை சென்றுவிட்ட பிறகு அங்கிருந்தே ஆர்.டி.ஜி.எஸ். செய்யச் சொல்வதல்லவா இன்னும் எளிது என்று நீங்கள் கேட்டால், ஆம், அதுதான் என் பரிந்துரையும்.

காசோலையை ஏற்பதானால், பணம் தீர்வாகும் வரை வண்டி உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும். கணக்கில் போட்டவுடன் இருப்பு கூடியது போலத் தோன்றினாலும், எடுக்கக்கூடிய இருப்பு கூடியிருக்காது. காசோலை திரும்பினால் 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் என்று செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழி காட்டுகிறது. வழி இருக்கிறது என்பது உண்மை. அந்த வழி நெடுகக் கார் அவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் உண்மை.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் பணிபுரிகிறேன். வாங்குபவர் முழுத் தொகையையும் வங்கி வழியாகவே தருகிறார், ஆனால் தம் நண்பர்கள் இருவரின் கணக்குகளிலிருந்து வரும் என்கிறார். பணம் வந்தால் போதாதா? யார் கணக்காக இருந்தால் என்ன?

வந்த கேள்விகளில் மிகவும் முக்கியமானதாக இதையே கருதுகிறேன். பணம் வந்தால் மட்டும் போதாது. இணைய மோசடியில் பணத்தை இழந்த ஒருவர் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகளைக் கடந்து சென்றதோ அவற்றை எல்லாம் காவல்துறை தொடர்ந்து செல்லும். அந்தத் தொகையையோ, சில சமயம் கணக்கு முழுவதையுமோ வங்கி முடக்கிவைக்கும். மோசடிப் பணத்தைக் காராக மாற்றிக்கொள்ள விரும்புபவன் முன்பின் அறியாதவர்களின் கணக்குகளிலிருந்துதான் உங்களுக்கு அனுப்புவான். காரும் போய், பணமும் முடங்கி, வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே படிவம் 30இல் வாங்குபவராக யார் பெயர் வருகிறதோ அவருடைய கணக்கிலிருந்து மட்டுமே பணம் வரட்டும். கணவனுக்காக மனைவியோ மகனுக்காகத் தந்தையோ செலுத்துவது நியாயமானதே. அப்போது செலுத்துபவரின் கையெழுத்திட்ட கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் பெற்று, ரசீதில் உறவையும் குறித்துக்கொள்ளுங்கள். வாகனக் கடன் கொடுத்த வங்கி நேரடியாக உங்களுக்கு அனுப்பினால் அதைவிடத் தெளிவான பணம் வேறில்லை.

இதனோடு சேர்ந்த இன்னொரு தந்திரம்: பேசியதைவிட 50 ஆயிரம் கூடுதலாக அனுப்பிவிட்டு, "தவறிவிட்டது, என் தம்பியின் எண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். பணம் உண்மையில் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே, உங்கள் வங்கியிடம் எழுத்தில் தெரிவித்துத் திருப்புங்கள்.

கேள்வி: என் காரின் மீது இன்னும் 2 லட்சத்து 10 ஆயிரம் கடன் பாக்கி. வாங்குபவரின் பணத்தைக் கொண்டுதான் அதை அடைக்க முடியும். அவரோ, கடன் தீர்ந்தது என்று கடன் நிறுவனம் தரும் என்.ஓ.சி. வந்த பிறகுதான் பணம் என்கிறார்.

இருவர் பயமும் நியாயமானது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கணக்கு முடிப்பதற்கான அறிக்கையை வாங்குங்கள். எந்தத் தேதி வரை எவ்வளவு என்பது அதில் இருக்கும். அந்தத் தொகையை வாங்குபவர் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பாமல் கடன் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தட்டும். இடைக்காலத்தில் வண்டி உங்களிடமே நிற்கும். என்.ஓ.சி.யும், பதிவுச் சான்றிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35உம் வந்த அன்று மீதித் தொகை, சாவி இரண்டும் கைமாறலாம். விற்பனை இடையில் முறிந்தால் அவர் செலுத்தியதை எத்தனை நாட்களில் திருப்புவீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: வாங்குபவர் ஓசூர்க்காரர். வண்டி தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறும் வரை 40 ஆயிரத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்கிறார்.

நிறுத்திவைப்பதில் தவறில்லை; எதனோடு அதைக் கட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். பெங்களூரு ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வாங்கித் தருவது உங்கள் கையில் இருக்கிறது. நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களைக் கட்டுவதும் அப்படியே. ஓசூர் அலுவலகத்தில் அவர் எப்போது வரி கட்டிப் பதிவை மாற்றுவார் என்பது உங்கள் கையில் இல்லை. சான்றின் அசலைக் கொடுக்கும் அதே நாளில் மீதி 40 ஆயிரமும் வந்துவிட வேண்டும் என்று பேசுங்கள். இன்னும் நல்லது, சான்று வரும் வரை வண்டியையே கொடுக்காமல் இருப்பது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் வண்டிக்கு விற்பவருக்குச் சட்டம் 45 நாள் அவகாசம் தருகிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: பழைய கார் வியாபாரி ஒருவர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். வாங்குபவர் பெயரை நிரப்பாமல் படிவங்களில் கையெழுத்து மட்டும் கேட்கிறார். பணம்தான் வந்துவிட்டதே?

பெயர் மாறாத வரை நீங்கள்தான் உரிமையாளர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. வெற்றுப் படிவம் கொடுத்துவிட்டு வாங்கிய 6 லட்சம், ஒரு விபத்து வழக்கில் போதாமல் போகலாம். வியாபாரி அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். பெற்றவர் என்றால், வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது.

கேள்வி: வந்த பணத்துக்கு வரி உண்டா?

சொந்தப் பயன்பாட்டுக்கான கார் தனிநபர் உடைமை என்பதால் மூலதன ஆதாய வரி இல்லை, ஜி.எஸ்.டி. பதிவில்லாத தனிநபருக்கு அதுவும் இல்லை. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ரசீதில் என்ன எழுத வேண்டும்?

வண்டி எண், என்ஜின் மற்றும் சேசிஸ் எண்கள், தொகை, யு.டி.ஆர். எண், வாங்குபவரின் முகவரி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றோடு, ஒப்படைத்த தேதியையும் மணி நிமிடத்தையும் எழுதுங்கள். சிக்னல் கேமராவில் அன்று மாலையே ஒரு அபராதம் விழுந்தால் அந்த நிமிடக் கணக்குதான் பேசும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டு பிரதிகள் எடுத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன் கண்ணாடியிலுள்ள ஃபாஸ்டேக்கைக் கிழித்தெடுத்து, அதை வழங்கிய வங்கியில் அன்றே மூடச் சொல்லிவிடுங்கள். மறந்தால், புதிய உரிமையாளர் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும்.