மாதிரிப் பந்தயப் படகுக்கு எந்த இழை, எந்த ரெசின்?

மாதிரிப் பந்தயப் படகின் உடலுக்குக் கார்பன் இழை வேண்டுமா, கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ரெசினை, அதாவது இழைத் துணியில் ஊறி இறுகும் பிசினை, முடிவு செய்யுங்கள். என் தேர்வு எபாக்சிதான். பாலியெஸ்டர் மலிவானது என்றாலும், இறுகும்போது எபாக்சியைவிட அதிகம் சுருங்குவதால், நாளடைவில் துணியின் நெசவு மேற்பரப்பில் தெரியத் தொடங்கும். கார்பனோடும், கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையோடும் அதன் பிடிப்பும் குறைவு.

எபாக்சிக்கு நறுக்கிய இழைப் பாயைத் தவிர்த்து நெய்த துணியையே வாங்குங்கள். பாயின் இழைகளைப் பிணைக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே அமைந்தது. எபாக்சியில் அது கரையாததால் பாய், படகின் உடலை வார்க்கும் அச்சின் வளைவுகளில் படியாமல் விறைத்து நிற்கும்.

உடல் முழுவதற்கும் கண்ணாடித் துணி போதும். அடிப்பகுதி, மோட்டார் தாங்கி போன்ற வளையக் கூடாத இடங்களில் மட்டும் கார்பனைச் சேருங்கள். முழுக் கார்பன் உடல், படகை இயக்கும் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளைத் தடுக்கும் என்பதால், ஆன்டெனாவை வெளியே எடுத்தாக வேண்டியிருக்கும். கெவ்லார் எளிதில் கிழியாது. ஆனால் உப்புத்தாளால் தேய்த்தால் பஞ்சாகச் சிலும்புவதால் அது உட்புறத்துக்கே ஏற்றது.