நாளுக்கொரு வீரர்: வாசகர் கேள்விகள், ஓவியர் பதில்கள்

அக்டோபர் முழுவதும், பிரிட்டனின் பழங்கதை நாயகனான ஆர்தர் மன்னன் கதைமாந்தரை நாளுக்கு ஒருவராக வரைந்தேன். அந்த 31 படங்களில் ஆறு சென்ற இதழில் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

கே: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் உங்களைப்போலவே ஒரு மாதம் வரையக் கிளம்பியிருக்கிறார்கள். 'ஃபேன் ஆர்ட்' என்கிறாள். யாரோ எழுதிய கதை, யாரோ படைத்த பாத்திரம். இதில் அவளுடைய சொந்தக் கற்பனைக்கு எங்கே இடம்?
- ஒரு தாய், தஞ்சாவூர்

ப: அம்மா, உங்கள் மகள் முதல் நாள் ஆர்தரின் வீரர் லான்சலாட்டை வரைந்திருந்தால் அவரை வைத்தே சொல்கிறேன். மான்மத் ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி, 1130களின் பிற்பகுதியில் லத்தீனில் பிரிட்டன் அரசர்களின் வரலாறு ஒன்றை எழுதினார். ஆர்தரை ஐரோப்பா முழுவதும் அறிய வைத்த நூல் அது. அதில் லான்சலாட் இல்லை. ஆர்தரின் வீரர்கள் சுற்றி அமரும் வட்ட மேசையும் இல்லை. ஜெர்சி தீவில் பிறந்த வாஸ் என்ற கவிஞர் 1155இல் அதைப் பிரெஞ்சுச் செய்யுளாகப் பாடியபோதுதான் மேசை வந்து சேர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிரெட்டியன் த துருவா, லான்சலாட்டுக்கும் ஆர்தரின் மனைவி அரசி குவினிவியருக்கும் இடையிலான காதலைப் பாடினார். கிரெயில் என்ற மர்மக் கலத்தையும் அவரே கதைக்குள் கொண்டுவந்தார். அந்தக் கடைசிக் கதையை அவர் பாதியில் விட்டுப்போக, பின்னால் வந்தவர்கள் நான்கு தொடர்ச்சிகள் எழுதினார்கள்.

இன்று ஆர்தர் என்றதும் நம் கண்முன் நிற்கும் மேசை, காதல், கிரெயில் எல்லாமே பிறர் எழுதிய கதையின் மேல் ஆசைப்பட்டவர்கள் சேர்த்தவை. உங்கள் மகள் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய பந்தியில்தான். படம் முடிந்ததும், "இவருக்கு இந்த முகத்தை ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் காரணம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

கே: ஆர்தருக்கு எந்தக் காலத்து உடை சரி? தேடினால் தலை முதல் கால்வரை பளபளக்கும் இரும்புத் தகடுதான் வருகிறது.
- கல்லூரி மாணவர், மதுரை

ப: தம்பி, அந்தத் தகட்டுக் கவசம் 15ஆம் நூற்றாண்டுக்குரியது. கதைப்படி ஆர்தர் வாழ்ந்தது ரோமப் படைகள் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில். அப்போது பெரிய வீரர்கள் அணிந்தது சிறு இரும்பு வளையங்களைக் கோத்த சட்டைதான்.

ஆனாலும் தகட்டை வரைந்தால் தப்பு என்று சொல்ல மாட்டேன். இடைக்கால ஓவியர்கள் ஆர்தருக்குத் தங்கள் காலத்து உடையையே போட்டார்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் கோட்டை மண்டபத்தில் ஐந்தரை மீட்டர் குறுக்களவுள்ள கருவாலி மர மேசை ஒன்று சுவரில் தொங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் செய்த அதற்கு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி வண்ணம் பூசச் சொன்னார். நடுவில் அவருடைய டியூடர் வம்சத்து ரோஜா, சுற்றிலும் ஆர்தரின் 24 வீரர்களின் பெயர்கள். ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு 31 நாளும் அதிலேயே நில்லுங்கள், போதும். நான் வளையச் சட்டையை எடுத்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கான வளையங்களை நிப்பால் போட்டு முதல் வாரத்திலேயே கட்டைவிரல் வீங்கிவிட்டது. பிறகு தோளிலும் விளிம்பிலும் மட்டும் வளையம் போட்டு நடுவில் வெள்ளைத் தாளை விட்டேன். பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது.

கே: பச்சை வீரனை நீங்கள் அழகனாக வரைந்தது ஏன்? அவன் பூதம் இல்லையா?
- வாசகி, சேலம்

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஆர்தர் அவை வீரர் கவெய்னும், அந்த அவைக்கு வரும் பச்சை வீரனும் இடம்பெறும் ஆங்கிலக் கவிதை 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. எழுதியவர் பெயர் தெரியாது. எஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பற்றி, உடனிருந்த எத்தனையோ ஏடுகள் கருகியபோதும் அது தப்பியது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அந்தக் கவிஞர் ஓர் ஓவியருக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஆள் மிகப் பெரியவன், ஆனால் இடை சிறுத்து உடல்வாகு அமைந்தவன். தோல் பச்சை, முடி பச்சை, குதிரையும் பச்சை. தாடியும் தலைமுடியும் சேர்ந்து முழங்கைவரை ஒரு போர்வைபோலத் தொங்குகின்றன. உடையில் பறவைகளும் பூச்சிகளும் தையலாக ஓடுகின்றன. குதிரையின் பிடரி மயிரில் பொன்னிழை பின்னியிருக்கிறது. கவசம் கிடையாது. ஒரு கையில் பெரிய கோடரி, மறு கையில் மரங்கள் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்திலும் பசுமை மாறாத ஹாலி மரக்கிளை. அடிப்பதற்கும் சமாதானத்துக்கும் சேர்த்தே அவன் வந்திருக்கிறான். மரமும் வேருமாகப் பூதத்தை வரைந்தால் இந்த இரண்டு கைகளும் காணாமல் போகும். எனக்கு அந்தக் கைகள்தான் படமே.

கவெய்னின் கேடயத்தையும் கவனியுங்கள். சிவப்புத் தளத்தில் பொன்னிற ஐந்துமுனை நட்சத்திரம், எடுத்த கோடு விடாமல் ஒரே இழையாக ஓடுவது. உட்புறத்தில், அவர் மட்டும் பார்க்கும்படி மரியாளின் உருவம். நான் அவரைப் பின்னாலிருந்து வரைந்தது அந்த உட்புறத்தைக் காட்டத்தான்.

கே: என் மகன் கேட்கிறான்: "எல்லா வீரர்களும் வெள்ளைக்காரர்கள்தானா? என் நிறத்தில் ஒருவர்கூட இல்லையா?"
- ஒரு தந்தை, காரைக்குடி

ப: இருக்கிறார்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள். இடைக்கால டச்சு மொழியில் மோரியன் என்ற வீரனின் கதை இருக்கிறது. தாய் மூர் என்ற வட ஆப்பிரிக்க இனத்து இளவரசி, தந்தை ஆர்தர் அவையைச் சேர்ந்தவர். தோலும் கவசமும் கேடயமும் கறுப்பு. பிரிந்துபோன தந்தையைத் தேடி வரும் அவன் லான்சலாட்டோடு மோதித் தோற்காமல் நிற்கிறான். ஜெர்மன் கதையில், கிரெயிலைத் தேடும் வீரன் பார்சிவாலின் அண்ணன் ஃபைரஃபீஸ் உண்டு. பாலமீடிஸ் என்ற சாரசென் வீரரும் உண்டு; இடைக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள்.

மாதிரி வேண்டுமென்றால் ஜெர்மனியின் மக்டபர்க் தேவாலயத்தில் இருக்கும் புனித மாரிஸ் சிலையின் படத்தைப் பாருங்கள். சுமார் 1240-50இல் செதுக்கியது. வளையக் கவசத்துக்குள் ஆப்பிரிக்க முகம், அவ்வளவு அமைதி. மோரியனை வரைந்த இரவு அந்தப் படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். உங்கள் மகன் வரைந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கே: மோர்கன் சூனியக்காரிதானே? உங்கள் படத்தில் அவளிடம் ஏன் மூலிகைக் கட்டு?
- வாசகர், ஈரோடு

ப: அவளை வில்லியாக்கியது பின்னால் வந்தவர்கள். ஜெஃப்ரி சுமார் 1150இல் எழுதிய, மந்திரவாதி மெர்லினைப் பற்றிய கவிதையில் அவள் ஆப்பிள் தீவில் வாழும் ஒன்பது சகோதரிகளில் முதன்மையானவள். மூலிகை அறிந்தவள், உருமாறத் தெரிந்தவள். காயம்பட்ட ஆர்தரைப் பொன் கட்டிலில் கிடத்திப் பார்ப்பவளும் அவள்தான்.

கே: பதினேழாம் நாளோடு நின்றுவிட்டேன். விட்ட நாட்களை நினைத்தாலே பேனாவைத் தொடப் பிடிக்கவில்லை.
- மாணவி, திருநெல்வேலி

ப: நானும் நான்கு இரவுகள் விட்டேன், மகளே. வீட்டில் காய்ச்சல். விட்டதை ஈடுகட்டப் போகாமல் அன்றைய தேதிக்குரியதை மட்டும் வரைந்தேன். மாதம் முடிந்து நவம்பர் முதல் வாரத்தில்தான் அந்த நான்கையும் முடித்தேன்.

ஆங்கில ஓவியர் ஆப்ரே பியர்ட்ஸ்லியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 15ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சர் தாமஸ் மாலரியின் ஆர்தர் கதைக்குப் படம் போடும் வேலை அவருக்கு 1892இல் கிடைத்தபோது வயது 20. காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, உடம்பில் காசநோய். முன்னூறுக்கும் மேற்பட்ட படங்களும் அலங்காரங்களும் வரைய வேண்டியிருந்தது. பாதியில் அவருக்கும் சலித்துப்போனது. அதன் பிறகு கதையில் எங்குமே இல்லாத ஆட்டுக்கால் மனிதர்கள் அவருடைய தலைப்பு அலங்காரங்களில் வரத் தொடங்கினார்கள். அந்தப் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று முழு உருவம் வேண்டாம். ஒரு கையுறை, ஒரு குதிரைக் கண், அதுவும் அன்றைய படம்தான்.

கே: கடைசி நாளுக்கு யாரை வைக்கலாம்?
- அதே தஞ்சாவூர்த் தாயின் மகள், தனித்தாளில்

ப: ஆர்தரின் வீரர் பெடிவியரை வை. மாலரியின் நூல் 1485இல் அச்சேறியது. அதன் இறுதியில், சாகக்கிடக்கும் ஆர்தர் தன் வாளை நீரில் எறியச் சொல்லி அவரை அனுப்புகிறார். பிடியின் அழகைப் பார்த்து மனம் வராமல் இரண்டு முறை ஒளித்துவைத்துவிட்டு, எறிந்ததாகப் பொய் சொல்கிறார். மூன்றாம் முறை எறிகிறார். நீரிலிருந்து ஒரு கை எழுந்து வாளைப் பிடித்து, மூன்று முறை அசைத்து, உள்ளே போய்விடுகிறது.

எல்லோரும் அந்தக் கையை வரைகிறார்கள். நான் கை மறைந்த பிறகு கரையில் நிற்கும் பெடிவியரை வரைந்தேன். நீருக்கு ஒரே ஒரு கோடு. அவருடைய விரல்கள் மட்டும் இன்னும் பிடியைப் பற்றியிருப்பதுபோல மடங்கியிருக்கும். ஏழு தாள்களைக் கிழித்த பிறகே அந்த விரல்கள் வந்தன. நீ வரைந்ததையும் பார்க்க வேண்டும், அம்மாவிடம் சொல்லித் தபாலில் அனுப்பு.