சி நிரலிலிருந்து நோட்பேடைத் திறந்தால் என் நிரல் ஏன் அப்படியே நிற்கிறது?

விண்டோஸில் சிஸ்டம் ஃபங்ஷனைக் கொண்டு நோட்பேடைத் திறக்கிறீர்கள், அதை மூடும்வரை உங்கள் நிரல் நகர மறுக்கிறது. இதுதானே சிக்கல்?

சிஸ்டம் நோட்பேடை நேரடியாகத் திறப்பதே இல்லை. நீங்கள் கொடுத்த வரியை, விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரலான சிஎம்டி கையில் கொடுத்துவிட்டு, அது முடிந்து வரும்வரை வாசலிலேயே காத்திருக்கும். சிஎம்டியோ நோட்பேடுக்காகக் காத்திருக்கும்.

காத்திருப்பதுகூடப் பரவாயில்லை, நடுவில் சிஎம்டி இருப்பதுதான் வம்பு. ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் பெயரிலேயே கோப்பைச் சேமித்து நோட்பேடில் திறக்கும். மேற்கோள் குறி போட மறந்திருந்தேன். பெயரில் இடைவெளி இருந்தாலும் நோட்பேட் சமாளித்துக்கொண்டதால் தவறு வெளியே தெரியவில்லை. ஒருநாள் பெயரில் & உள்ள வாடிக்கையாளர் வந்தார். சிஎம்டிக்கு & என்றால் 'ஒரு கட்டளை முடிந்தது, அடுத்ததை ஓட்டு'. பெயரின் முன்பாதியைத் தேடி நோட்பேட் முழித்தது. அதை மூடியதும் பின்பாதியை சிஎம்டி ஒரு கட்டளையாகவே ஓட்டப் பார்த்தது. நல்லவேளை, அப்படியொரு கட்டளை இல்லை!

சரி, மேற்கோள் போடலாம் என்று நிரலின் பாதைக்கு ஒரு ஜோடி, கோப்புக்கு ஒரு ஜோடி போட்டேன். அதுவும் ஓடவில்லை. இரண்டு ஜோடி இருந்தால் வரியின் முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் சிஎம்டி உரித்துவிடும். முழு வரியையும் இன்னொரு ஜோடிக்குள் வைக்க வேண்டும். அத்தோடு சிஸ்டத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

விண்டோஸே தரும் கிரியேட்பிராசஸ் ஃபங்ஷனுக்கு மாறுங்கள். சிஎம்டி நடுவில் வராது, & வெறும் எழுத்தாகவே போகும், நிரலைத் தொடங்கியதும் உடனே திரும்பிவிடும். முதல் இடத்தில் நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். இரண்டாவதாகப் போகும் கட்டளை வரி, எழுதக்கூடிய அர்ரேயாக இருக்கட்டும். இந்த ஃபங்ஷனின் யூனிகோட் வடிவம் அந்த வரியையே மாற்றக்கூடும், மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிய, மாற்ற முடியாத சரத்தைக் கொடுத்தால் நிரல் விழுந்துவிடலாம். திரும்பி வரும் இரண்டு ஹேண்டில்களையும் (தொடங்கிய பிராசஸுக்கு ஒரு பிடி, அதன் த்ரெட்டுக்கு ஒரு பிடி) மூடிவிடுங்கள். தோற்றால் பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரரைப் பாருங்கள்: 2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை, 740 என்றால் அட்மின் அனுமதி தேவை. 740 வந்தால், அல்லது பிடிஎஃப் போன்ற ஆவணத்தை அதற்குரிய நிரலில் திறக்க வேண்டுமென்றால், ஷெல்எக்ஸிக்யூட் ஃபங்ஷன்தான் வழி.

அப்புறம், பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை இரட்டிக்க மறக்காதீர்கள். ஒற்றைக் கோட்டுக்கு அடுத்து டி (t) வந்தால் சி அதை டேப் ஆக்கிவிடும்.

லினக்ஸ் என்றால் ஃபோர்க் (உங்கள் நிரலைப் பிரதி எடுக்கும்), எக்ஸெக்விபி (அந்தப் பிரதியில் புது நிரலை ஏற்றும்), வெயிட்பிட் (அது முடியும்வரை காத்திருக்கும்). ஒவ்வொரு ஆர்க்யூமென்ட்டும் தனித்தனியாகப் போவதால் மேற்கோள் தொல்லையே இல்லை. ஒன்று மட்டும்: எக்ஸெக்விபி திரும்பி வந்தாலே தோல்விதான். அதற்கு அடுத்த வரியில் வெளியேறாவிட்டால் உங்கள் நிரலே இரண்டு பிரதியாக ஓடிக்கொண்டிருக்கும்.