எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் எறிந்துவிடும் இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு நாள் முழுக்க வீட்டில் என்ன செய்வது?

போனைக் கொடுக்காமல் ஒரு நாளை ஓட்ட வேண்டும், ஏதாவது கைவேலை சொல்லுங்கள், ஆனால் எதைக் கொடுத்தாலும் ஐந்தே நிமிடத்தில் எறிந்துவிடுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை, மற்ற வேலைகளும் உங்கள் தலையில்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதவிக்கு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்து நிமிடம் என்பதில் ஒரு குறையும் இல்லை. இந்த வயதில் ஒரு பொருள்மேல் கவனம் அவ்வளவுதான் நிற்கும். தப்பு நடப்பது வேறு இடத்தில். பெரியவர் அரை மணி நேரம் உட்கார்ந்து வெட்டி, கலந்து, அடுக்கி வைக்கிறார். குழந்தை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போகிறது. பிறகு பெரியவரே இன்னொரு அரை மணி நேரம் தரையைத் துடைக்கிறார். கலப்பது, விளையாடுவது, கழுவுவது மூன்றையும் குழந்தையிடமே விடுங்கள். எது வேலை, எது விளையாட்டு என்ற பிரிவினையே அந்த வயதுக்குக் கிடையாது. மூன்றும் சேர்ந்தால் அதே ஐந்து நிமிடம் ஒரு மணி நேரத்தை நெருங்கும்.

காலையில் மாவில் ஆரம்பியுங்கள். மைதா 1 கப், பொடியுப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள். அளக்கும் வேலையைக் குழந்தையிடம் விட்டால் கணக்கு போய்விடும். அகலமான தட்டின்மேல் பாத்திரத்தை வைத்து, ஒவ்வொன்றாகக் கொட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் உப்பைத்தான் முதலில் முடிந்தவரை கரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் சீக்கிரம் கரையும். இவ்வளவு உப்பும் முழுதாகக் கரையாது, ஆனால் கரையாமல் நிற்பது கூடினால் மாவு நறநறவென்று கையில் குத்தும். பிறகு மைதா, எண்ணெய், சாறு. கட்டி இல்லாமல் கலக்கியதும் பாத்திரத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, குழந்தை எட்டாத அடுப்பில் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். பிறகு அடியில் திட்டுத் திட்டாகக் கெட்டிப்படும், அப்புறம் திடீரென்று மொத்தமும் ஓரத்தை விட்டுக் கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். உருண்டையை விரலால் அழுத்தினால் ஒட்டக்கூடாது. இறக்கி ஆறவிட்டு, உள்பக்கச் சூட்டையும் பார்த்துவிட்டு, இளஞ்சூட்டோடு குழந்தை கையில் கொடுங்கள். அந்தச் சூட்டுக்கே முகம் மலரும்.

கையில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள். மைதாவைத் தூவிச் சரிக்கட்டினால் மறுநாள் வெடிக்கும். காய்ந்து வெடித்தால் தண்ணீர் ஊற்றாமல் கையை நனைத்துக்கொண்டு பிசையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில வாரம் தாங்கும். உப்பு ஈரத்தை இழுப்பதால் சில நாளில் மேலே பிசுபிசுக்கலாம், பிசைந்தால் சரியாகிவிடும். கெட்ட வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் யோசிக்காமல் எறியுங்கள். குழந்தையின் விரலில் கீறல் இருக்கும் நாளில் இது வேண்டாம், உப்பு எரியும்.

மைதாவை வீணாக்கச் சொல்கிறானே என்று சிலர் வருவார்கள். ஒரு கப் மாவு பல நாள் விளையாட்டு. வேகவைக்காமல் பச்சை மாவையே பிசைந்து தரலாமே என்றும் கேட்பார்கள். பச்சை மாவில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். இந்த வயதில் எல்லாமே வாய்க்குப் போகும். அதற்காக, வெந்ததைத் தின்னலாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு உப்பு உள்ளே போனால் சின்ன உடம்புக்கு ஆபத்து, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும்தான். நக்கிப் பார்த்துத் துப்பினால் பயப்பட வேண்டாம். கடித்து விழுங்குகிற குழந்தையாக இருந்தால் இதை இன்னும் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

மாவோடு அச்சு, உருளை என்று பத்து சாமான் கொடுக்காதீர்கள். ஒரு கரண்டி, ஒரு மூடி போதும். பொருள் கூடக் கூட எறிவதும் கூடும்.

முடிந்ததும் அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரும் ஒரு ஸ்பாஞ்சும். மூடியைக் கழுவு, கரண்டியைக் கழுவு, தரையைத் துடை. ஸ்பாஞ்சைப் பிழிவது விரலுக்கு மிக நல்ல பயிற்சி, பின்னால் பென்சில் பிடிக்கும் பலம் இப்படித்தான் வருகிறது. தடிமனான பெயின்ட் பிரஷைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரிலோ சிமென்ட் தரையிலோ வரையவிடுங்கள். ஈரம் கறுப்பாகத் தெரியும், காய்ந்ததும் மறையும், திரும்ப வரையலாம். வழுவழுப்பான டைல்ஸில் வேண்டாம், வழுக்கும். தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: ஓரிரு அங்குலத் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தையை மூழ்கடிக்கும், சத்தமே வராது. காலிங் பெல் அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்த நொடியே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வண்ணம் வேண்டுமென்றால் கால் கப் கார்ன்ஃப்ளாரை 1 கப் தண்ணீரில் காய்ச்சுங்கள். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு அல்ல, தொட்டால் கிறீச்சிடும் வெள்ளை மாவு. பச்சைத் தண்ணீரில் முதலில் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெந்நீரில் மாவைப் போட்டால் வெளிப்பக்கம் வெந்து உறையாகிவிடும், உள்ளே மாவு அப்படியே நிற்கும். அந்தக் கட்டியை எவ்வளவு கிளறினாலும் உடைக்க முடியாது. கூழ் பதம் வந்ததும் இறக்கி, நன்றாக ஆறியபின் உணவு வண்ணம் சில சொட்டு. இரண்டு நிறத்துக்குமேல் வேண்டாம். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை பிறப்பதைக் குழந்தையே பார்க்கும். சிவப்பும் சேர்ந்தால் எல்லாம் சேற்று நிறம். கலர் விரலில் ஒன்றிரண்டு நாள் நிற்கும், துணியில் போகாமலே போகலாம், அதனால் பழைய உடுப்பு. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தாளின் நான்கு மூலையையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்துகொண்டே இருந்தால் குழந்தை எரிச்சலோடு எழுந்து போய்விடும். கதவில் குழந்தையின் தோள் உயரத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. இந்த வயதில் தோளிலிருந்துதான் கிறுக்கல் வரும். முஷ்டியை மூடி கிரேயானைப் பிடிப்பதும் இயல்பு, விரலைப் பிரித்துத் திருத்தாதீர்கள். நேர்கோடு இரண்டு வயதுவாக்கில், வட்டம் மூன்று வயதுவாக்கில் வரும். ‘இது என்ன?’ என்று கேட்க வேண்டாம், பதில் அதனிடம் இல்லை. ‘நீளமாக இழுத்துவிட்டாயே’ என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மழலையர் பள்ளிகள் சில, இரண்டரை வயதுக் குழந்தையிடம் ‘கைவேலை’ கொடுத்தனுப்புகின்றன. இரவு பதினொரு மணிக்கு அப்பா தெர்மோகோல் வெட்டுகிறார், அம்மா ஒட்டுகிறார், காலையில் குழந்தையின் பெயரில் அது சுவரில் தொங்குகிறது. குழந்தை தொட்டதுகூட இல்லை. அதே சுவரில் ஒரு கிறுக்கல் தாளைத் தொங்கவிட என்ன தயக்கம்? ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, மேலிடத்தில் கேட்கிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் அந்தப் பழக்கம்தான் ‘உருப்படியாக ஒரு பொம்மை வராவிட்டால் அந்த நாள் வீண்’ என்ற எண்ணத்தைப் பெற்றோர் மனதில் விதைக்கிறது.

நேரத்துக்கு வருகிறேன். அழுக்காகும் வேலையெல்லாம் காலையில், வயிறு நிறைந்தபின், குளியலுக்கு முன்னால். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் எதுவும் எடுபடாது. தூங்கி எழுந்தபின் அட்டைப்பெட்டி. ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே போட்டு எடுக்க உருண்டையாய்ச் சுருட்டிய காலுறைகளைக் கொடுங்கள். தரையில் டேப்பை நீளமாக ஒட்டி, ஓரத்தை மடித்துவிட்டால் உரித்துக்கொண்டே இருக்கும். மாலையில் ஓட்டம், தாவல். ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளுக்கு மொத்தம் 3 மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது; இரண்டு வயதில் திரை 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அதில்தான். நீங்கள் குளிக்கப் போகும்போது பதினைந்து நிமிடம் கார்ட்டூன் போட்டால் அதைக் குற்றமாக நான் எண்ணமாட்டேன்.

மூன்று வயதுக்குக் கீழ் எந்தப் பொருள் ஆகாது என்பதற்கு அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் அகல உருளையை வைத்துச் சோதிப்பார்கள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் குழாய் போதும், அது கொஞ்சம் அகலம் என்பதால் பாதுகாப்பும் கூடுதல். அதனுள் நுழைவது எதுவும் கையில் வேண்டாம். கிரேயானும் அந்தக் கணக்கில் வரும், அதனால் தடித்ததை வாங்கிப் பக்கத்திலேயே உட்காருங்கள், உடைந்த துண்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள், பட்டன் பேட்டரி, பலூன் மூன்றும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். ஜெல் மணி குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும், பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை.

வண்ணக் கூழ் மிஞ்சினால் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் படிந்து அடைக்கும். பழைய தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். தட்டு காய்ந்தபின் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அந்தச் சுரண்டலையும் ஒரு மரக்கரண்டி கொடுத்துக் குழந்தையிடம் விடலாம்.