ஹெலிதான் ஓட்டுவேன் என்று நிற்கிற மகன்

அக்கா, போன கிழமை நீங்கள் வந்து, மகனை ஹெலி ஓட்டப் பழக விடலாமா என்று கேட்டபோது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வாசலில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

மகன் ஏ.எல். கணிதப் பிரிவில் இருந்துகொண்டு ஹெலிகொப்டர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நம் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டால் முதலில் பதுங்குகுழிதான் ஞாபகம் வரும். அவனுக்கு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில், மாவிலாற்றுப் பக்கம் அகப்பட்ட சனத்தை ஏற்றிக்கொண்டு போன ஹெலிதான் ஞாபகம். நீங்களோ அதே நாட்களில் நிவாரணத்துக்குப் போய் லுணுவிலையில் விழுந்த பெல் 212 ஹெலியைச் சொல்கிறீர்கள். அந்த வருடம் மே மாதம் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்ததும் பெல் 212தான், ஆறு பேர் போனார்கள். பயப்படாதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் பயத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். எஞ்சின் நின்றால் கல்லுப்போல விழும் என்றீர்கள். காய்ந்த முருங்கை விதையை மேலே எறிந்து பாருங்கள், சிறகு சுழன்றபடி இறங்கும். ஹெலியிலும் கீழிருந்து வரும் காற்று மேல் விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். போதிய உயரமும் வேகமும் இருந்தால் அதை வைத்தே தரையிறக்கலாம். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

எனக்குப் பயம் முகில்தான். 2021 டிசம்பர் 8ஆம் திகதி குன்னூரில் இந்தியப் படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் போன மி-17 ஹெலி, 2020 ஜனவரி 26ஆம் திகதி கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் போன சிகோர்ஸ்கி ஹெலி இரண்டுக்கும் இயந்திரக் கோளாறு காரணமில்லை என்றுதான் விசாரணைகள் சொல்லின. முகிலுக்குள் போன விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று பிடிபடாமல் போய்விட்டது.

உதவிக்குப் போகிற பறப்பில் இந்த ஆபத்து இன்னும் கூட. ஒரு உயிர் காத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? அதனால்தான் வெளிநாட்டு ஹெலி அம்புலன்ஸ் சேவைகள் பலவற்றில் நோயாளி குழந்தையா, எவ்வளவு கடுமை என்பதையெல்லாம் விமானிக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று. ஏறப்போகிறவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலே பயணம் நின்றுவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் வாடைக்காலத்தில் திருக்கடலூர்க் கரையில் நின்று கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்றவர்கள் பகிடி பண்ணினாலும் வள்ளம் தள்ளாமல் வீடு திரும்புகிறவர். மகனிடம் அந்தக் குணம் இருக்கிறதா? எனக்கு அவனுடைய பௌதிகவியல் புள்ளியைவிட அதுதான் முக்கியம்.

இனிக் காசு விசயம். எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டமுதல், விமானிகளுக்கான ‘வகுப்பு 1’ மருத்துவச் சோதனையைச் செய்யுங்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை அங்கீகரித்த வைத்தியரிடம்தான் செய்ய வேண்டும். கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை, நிறம் பிரித்தறிவதுதான் சிக்கல். முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் முற்பணம் கட்டிய பிறகுதான் சோதனைக்குப் போனான். நிறப்பார்வையில் தட்டுப்பட்டது. காசைத் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலிலேயே போகச் சொல்லாதது என் பிழை.

வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி 18 வயதும் 150 மணி நேரப் பறப்பும் வேண்டும், அங்கீகரித்த தொடர் பயிற்சியென்றால் 100. விமானிகளுக்கான ஆங்கிலச் சோதனையில் குறைந்தது நிலை 4. செலவு ஒரு கோடியைத் தாண்டும். வீட்டை ஈடுவைத்து இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். விமானப்படை வழியென்றால் அக்கடமி சீனக்குடாவிலேயே இருக்கிறது. சீருடை போடுவதா என்பது நீங்கள் மூன்று பேரும் பேசவேண்டிய கதை, அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

எனக்குப் பிடித்த வழி ஹெலி பராமரிப்பு. டர்பைன் ஹெலிகளுக்கு பி1.3 என்ற உரிமம் இருக்கிறது. அங்கே கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பனருக்கும் அதன் வடிவிலேயே குழி வெட்டியிருப்பார்கள். வேலை முடிந்து ஒரு குழி வெறுமையாக இருந்தால், அந்த ஸ்பனர் கிடைக்கும்வரை ஹெலி வெளிக்கிடாது. சாமானை எடுத்த இடத்தில் வைக்காத உங்கள் மகனுக்கு நல்ல பாடம்!

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தகப்பனும் வரட்டும். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த துண்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.